ஒரே நாவலுக்கு இரண்டு கடைசி வரிகள்: எந்தத் தளத்தை நம்புவது?

கல்லடி வாசகி | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வெளிவாரிப் பட்டப்படிப்பில் ஆங்கிலம் ஒரு பாடம். இந்த முறை சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைப் படிக்க வேண்டும். மாமாவிடம் பழைய பிரதி ஒன்று இருந்தது. ஆவலோடு வாங்கி வந்து பார்த்தால் கடைசித் தாளைக் கறையான் தின்றுவிட்டிருக்கிறது. கடைசி வரியில் 'ஷடோ ஒவ்' என்ற இரண்டு சொற்களும் அவற்றுக்கு முன்னால் ஏதோ ஓர் எழுத்தின் துண்டும்தான் மிச்சம். சரி, முடிவை மட்டும் இணையத்தில் படித்துக்கொள்ளலாம் என்று போனேன்.

வினை அங்கேதான் தொடங்கியது. நான் படித்த தளத்தில் கடைசி வரி 'நோ ஷடோ ஒவ் அனதர் பார்ட்டிங்' என்று இருக்கிறது. அதாவது, தான் காதலிக்கும் எஸ்டெல்லாவை இனியொரு தடவை பிரிவேன் என்பதற்கான நிழல் எதையும் கதாநாயகன் பிப் காணவில்லை. செங்கலடியில் இருக்கும் தோழியின் அச்சுப் புத்தகத்திலோ 'த ஷடோ ஒவ் நோ பார்ட்டிங்' என்று இருக்கிறது. தொலைபேசியில் இருவரும் மாறி மாறி வாசித்துச் சண்டையே பிடித்துக்கொண்டோம். இதற்குள் எங்கள் வட்ஸ்அப் குழுவில் சுற்றும் பெயரில்லாத பாடக்குறிப்பு ஒன்று, பிப்பும் எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் சந்தித்துப் பிரிகிறார்கள் என்கிறது. மூன்றாவது முடிவு!

ஒப்படையின் கேள்வி: 'நாவலின் முடிவு மகிழ்ச்சியானதா?' முடிவே எதுவென்று தெரியாமல் நான் எதை எழுதுவேன்? நல்ல தளங்கள் எவை, ஒரு தளம் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒரு டேட்டா பொதிதான் போடுகிறேன் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டமாவடிப் பயணி | இரவு 9.52

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? சுருக்கம் தரும் தளங்கள் எத்தனையோ இருக்கின்றன. அத்தியாயம் அத்தியாயமாகக் கதை, பாத்திரங்கள், கருப்பொருள் எல்லாம் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மேற்கோள் வேண்டுமென்றால் செயற்கை நுண்ணறிவிடம் கேளுங்கள். நான் இப்போதே கேட்டேன். 'என் எதிர்பார்ப்புகளே எனக்குச் சிறையாயின' என்று பிப் கடைசியில் சொல்கிறானாம். ஒப்படைக்கு இதைவிட நல்ல வரி கிடைக்குமா?

களுதாவளை வாத்தியார் | இரவு 10.31

மகள், உங்களுடைய மூன்றுமே சரி. சண்டையை நிறுத்திவிட்டுத் தோழிக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்த நாவல் முதலில் புத்தகமாக வரவில்லை. டிக்கன்ஸ் நடத்திய 'ஓல் த இயர் ரவுண்ட்' என்ற வார இதழில் 1860 டிசம்பர் 1 தொடக்கம் 1861 ஆகஸ்ட் 3 வரை 36 வாரம் தொடராக வந்தது. அவர் முதலில் எழுதிய முடிவில் பிப்பும் எஸ்டெல்லாவும் லண்டனில், பிக்கடிலித் தெருவில், தற்செயலாகச் சந்திக்கிறார்கள். அவள் ஒரு வைத்தியரை மறுமணம் செய்திருக்கிறாள். பிப்பின் கையைப் பிடித்திருக்கும், அவனை வளர்த்த கொல்லன் ஜோவின் பிள்ளையைப் பிப்பின் பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறாள். அவன் மறுத்துச் சொல்லவில்லை. அவ்வளவுதான், பிரிகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் இதைப் படித்த நண்பர் புல்வர் லிட்டன் இது வேண்டாம் என்றார். டிக்கன்ஸ் மாற்றினார். எஸ்டெல்லா வளர்ந்த, இடிந்துபோன சட்டிஸ் மாளிகையின் தோட்டத்தில் மூடுபனியில் கைகோத்து நடக்கும் முடிவு அப்படி வந்தது. கடைசி வரி மாறியதும் லிட்டனின் வற்புறுத்தலால்தான். பழைய முடிவு, டிக்கன்ஸ் 1870இல் இறந்த பிறகு, அவருடைய நண்பர் ஜோன் போர்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூன்றாம் பாகத்தில் 1874இல் வெளியானது.

ஆகவே உங்கள் பாடக்குறிப்புக்காரர் பொய் சொல்லவில்லை. எந்த முடிவைச் சொல்கிறேன் என்று சொல்லாமல் விட்டார், அதுதான் குற்றம். முப்பத்திரண்டு வருடம் இங்கிலிஷ் படிப்பித்தவன் நான். இந்தக் குற்றத்துக்காகக் கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஓட்டமாவடித் தம்பி, அந்தச் 'சிறை' வரியை நான் இந்த நாவலில் கண்டதில்லை. எத்தனையாம் அத்தியாயம் என்று உங்கள் நுண்ணறிவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று காக்கா | இரவு 11.15

வாத்தியார் ஐயா சொன்னதில் ஓர் இடத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். லிட்டன் சொல்லி மாறியது முழுக் காட்சி. அது 1861இல், அச்சேறும் முன். கடைசி வரியின் சொற்கள் மாறியது வேறு கதை. தொடரிலும் 1861இன் முதல் புத்தகப் பதிப்பிலும் 'த ஷடோ ஒவ் நோ பார்ட்டிங்' என்றுதான் இருந்தது, தோழியின் புத்தகத்தைப் போல. 1862ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அது 'நோ ஷடோ ஒவ் அனதர் பார்ட்டிங்' ஆனது. கையெழுத்துப் பிரதியில் இன்னொன்றும் இருந்தது: வரியின் முடிவில் 'பட் வன்', அதாவது 'ஒன்றைத் தவிர'. சாவு என்ற அந்த ஒரு பிரிவைத் தவிர வேறு பிரிவு தெரியவில்லை என்று பொருள். அதை அச்சுக்கு முன் நீக்கிவிட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதி இங்கிலாந்தில் விஸ்பெக் என்ற சிறிய ஊரின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

இப்போது தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். ஒரு மின்னூலைத் திறந்ததும் நான் கதையைப் பார்ப்பதில்லை, தலைப்புப் பக்கத்தைப் பார்ப்பேன். எந்த வருடத்துப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று சொல்லியிருக்கிறதா? இலவச மின்னூல்கள் தரும் குட்டன்பேர்க் திட்டத்தில் இந்த நாவலின் தலைப்போடு '1867 பதிப்பு' என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் 'அனதர் பார்ட்டிங்'தான் வரும், வருகிறது. அங்கே எடுத்து, பதிப்பு விபரத்தை வெட்டியெறிந்துவிட்டு, சுற்றிவர விளம்பரம் ஒட்டி வைத்திருக்கும் தளங்கள் நூறு இருக்கும். பதிப்பைச் சொல்லாத தளத்தில் கதை படிக்கலாம், மேற்கோள் எடுக்கக் கூடாது.

தொடராக வந்த பக்கத்தையே பார்க்க ஆசையா? 'டிக்கன்ஸ் ஜேர்னல்ஸ் ஒன்லைன்' என்று பக்கிங்ஹாம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஒரு தளம் இருக்கிறது. அவர் நடத்திய வார இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள், இலவசம். படத்துக்குப் பக்கத்தில் தட்டச்சு வடிவமும் உண்டு. இயந்திரம் எழுத்துகளைப் பிழையாக வாசித்த இடங்களைத் தொண்டர்கள் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள். இயந்திரம் பழைய அச்சைப் பார்க்கும்போது ஆங்கில 'ஈ'யையும் 'ஓ'வையும் கூட மாற்றிவிடும். ஆகவே சந்தேகம் வந்தால் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள்.

டேட்டா பற்றி: குட்டன்பேர்க்கின் வெறும் எழுத்துக் கோப்பு முழு நாவலுக்கும் ஏறத்தாழ 1 எம்பிதான். ஒரு தடவை இறக்கினால் மழைக்காலத்தில் கோபுரம் விழுந்து சிக்னல் போனாலும் படிக்கலாம். பழைய புத்தகத்தின் படக்கோப்புகள் அப்படியல்ல, ஒரு பாகமே பல பத்து எம்பி போகும். முழுவதையும் இறக்காமல் வேண்டிய பக்கத்தை மட்டும் திறந்து பாருங்கள்.

களுதாவளை வாத்தியார் | திங்கள், காலை 5.50

காக்கா சொன்னதுதான் சரி. நான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். நினைவிலிருந்து எழுதினால் இப்படித்தான்.

ஆரையம்பதி அம்மா | காலை 8.20

நான் படித்தவள் அல்ல, மகள் படிக்கும்போது பக்கத்தில் இருந்து கேட்பவள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகளும் இதே நாவலுக்குக் கட்டுரை எழுதினாள். வாசித்துக் காட்டச் சொன்னேன். கதாநாயகன் படம் வரைபவன், நியூயோர்க் போகிறான் என்று எழுதியிருந்தாள். நான்தான் கேட்டேன்: 'இவன் கொல்லன் பட்டறையில் வளர்ந்து லண்டனுக்குத்தானே போனான்?' தேடிப் பார்த்தால், அவள் எடுத்த பக்கம் 1998இல் வந்த திரைப்படத்தைப் பற்றியது! அதில் கதையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், பிப் என்ற பெயரையே ஃபின் என்று மாற்றியிருக்கிறார்கள். நாவலின் பெயரும் படத்தின் பெயரும் ஒன்றென்பதால் தேடுபொறி இரண்டையும் கலந்து கொட்டிவிட்டது.

அதற்குப் பிறகு இன்னொரு பிள்ளை, சட்டிஸ் மாளிகையின் திரைச்சீலைகளைப் பிப் கிழித்தெறிகிறான், வெளிச்சம் உள்ளே வருகிறது என்று எழுதியதாக மகள் சொன்னாள். அது எங்கிருந்து வந்தது என்று தெரியுமா?

களுதாவளை வாத்தியார் | காலை 9.05

அது டேவிட் லீன் 1946இல் எடுத்த படம். அருமையான படம், நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் காட்சி நாவலில் இல்லை. நாவலில் பிப் பதினொரு வருடம் கழித்துத் திரும்பி வரும்போது கிழிப்பதற்குத் திரைச்சீலையே கிடையாது, வீடே இல்லை. அம்மா, நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டதே பெரிய படிப்பு.

சுருக்கத் தளங்களைப் பற்றிக் கேட்டார்கள் அல்லவா. நான் அவற்றுக்கு எதிரி இல்லை. கிளிஃப்ஸ் நோட்ஸ் என்ற சுருக்க நூல் வரிசை 1958இலேயே அமெரிக்காவில் தொடங்கியது. அதற்கு முன்னும் பிள்ளைகள் குறுக்கு வழி தேடாமலா இருந்தார்கள்? 59 அத்தியாயம், அத்தனை பெயர்கள். கொம்பேசன் யார், ஓர்லிக் யார் என்று குழம்பும்போது ஒரு தடவை பார்த்துத் தெளியலாம். அது வீதிப் பலகை மாதிரி. பலகையைப் பார்த்துவிட்டுத் திருக்கோணமலைக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்தத் தளம் தரமானதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. நீங்கள் ஆறுதலாக, இரண்டு முறை படித்த அத்தியாயம் ஒன்றை எடுங்கள். நான் எப்போதும் 27ஐ எடுப்பேன். ஜோ லண்டனுக்குப் பிப்பைப் பார்க்க வருகிறான். ஊரில் இருந்து வரும் கொல்லனைப் பார்த்துப் புதுப் பணக்காரப் பிள்ளைக்கு வெட்கம். பெரும்பாலான சுருக்கங்கள் 'பிப் சங்கடப்படுகிறான்' என்று ஒரு வரியில் கடந்துவிடும். நாவலில் இருப்பது அதுவா? காசு கொடுத்து ஜோவை வராமல் தடுக்க முடியுமென்றால் காசு கொடுத்திருப்பேன் என்று பிப் சொல்கிறான். அந்த 'காசு' என்ற சொல்தான் கத்தி. பிறகு ஜோவின் தொப்பி. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுப்பங்கரை மாடத்தின் விளிம்பில் வைக்கிறான், அது விழுந்துகொண்டே இருக்கிறது, பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறான். சிரிப்பு வரும், அடுத்த கணம் தொண்டை அடைக்கும். காசையும் தொப்பியையும் சொல்லும் விளக்கம் என்றால் எழுதியவர் நாவலைப் படித்திருக்கிறார். இரண்டையும் விட்டுவிட்டு 'வர்க்க வேறுபாடு ஒரு முக்கியக் கருப்பொருள்' என்று போகும் பக்கத்தை அப்படியே மூடிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தலைப்பில் உள்ள 'எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்ற சொல்லை அந்தத் தளம் எப்படி விளங்கிக்கொள்கிறது? வெறும் கனவு, நம்பிக்கை என்று மட்டும் எழுதியிருந்தால் பாதியைக் கோட்டைவிட்டது. அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குச் சொத்து வரும் என்ற உறுதி என்றும் பொருள். எங்கள் பேச்சில் சொன்னால் முதுசம். முதுசம் வருகிறது என்று வக்கீல் ஜாகர்ஸ் வந்து சொல்கிறார். அதை யார் கொடுக்கிறார்கள் என்பதில்தான் நாவலே நிற்கிறது. 'பெரும் எதிர்பார்ப்புகள்' என்று தமிழில் போடும்போது அந்த முதுசம் நழுவிவிடுகிறது.

ஓட்டமாவடிப் பயணி | காலை 11.30

ஐயா கேட்டபடி அத்தியாயம் எது என்று கேட்டேன். முதலில் 57 என்றது. அதில் தேடினேன், இல்லை. இல்லை என்றதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு 39 என்றது. ஆனால் ஒரு சந்தேகம். காக்காதானே பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் மாறும் என்றார்? இந்த வரியும் வேறு பதிப்பில் இருக்கலாம் அல்லவா?

அக்கரைப்பற்று காக்கா | பிற்பகல் 1.45

லொஹர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன். கேள்வி நல்ல கேள்வி தம்பி, கிண்டலாகக் கேட்டிருந்தாலும்.

பதிப்புகளுக்கிடையே மாறுவது பெரும்பாலும் ஒரு சொல், இரண்டு சொல், நிறுத்தற்குறி. முழு வாக்கியத்தை நீளமாகப் போட்டுத் தேடினால் அந்தச் சிறு மாற்றத்தால் உண்மையான வரியும் அகப்படாமல் போகலாம். உதாரணத்துக்கு 'ஷடோ ஒவ் நோ பார்ட்டிங்' என்று குட்டன்பேர்க் கோப்பில் தேடினால் கிடைக்காது. அதற்காக அது டிக்கன்ஸின் வரி இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே வரியை உடையுங்கள். அதிலே அரிதான சொல் எது என்று பார்த்து அதை மட்டும் போட்டுத் தேடுங்கள். 'பார்ட்டிங்' என்று போட்டால் கடைசிப் பக்கம் வந்துவிடும்.

உங்கள் 'சிறை' வரியையும் அப்படித்தான் பார்த்தேன். சிறை என்ற சொல் இந்த நாவலில் நிறைய வருகிறது, வராமல் இருக்குமா, கதையே சிறைக்கப்பலில் இருந்து தப்பியவனோடு தொடங்குகிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் கல்லும் இரும்பும் கொண்ட சிறைகள். எதிர்பார்ப்பைச் சிறை என்று சொல்லும் இடம் ஒன்றுமில்லை. அந்த இயந்திரம் பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. அப்படியொரு நாவலில் அப்படியொரு வரி இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று கணக்குப் பார்த்துக் கோத்துத் தருகிறது. அதனால்தான் அது அவ்வளவு அழகாக இருக்கிறது.

மேற்கோளைவிட ஆபத்து, அது தரும் கட்டுரைப் பெயர்கள். விமர்சகர் பெயர், சஞ்சிகை, பக்க எண் எல்லாம் இருக்கும், அந்தக் கட்டுரை மட்டும் உலகத்தில் இருக்காது. ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டால் மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே வாசிக்க விடுகிறார்கள். பெயர் கிடைத்தால் முதலில் அங்கே போட்டுப் பாருங்கள். கட்டுரையைக் கண்ணால் காணாமல் ஒப்படையில் எழுத வேண்டாம்.

ஓட்டமாவடிப் பயணி | பிற்பகல் 1.58

சரி காக்கா, வரியை வாபஸ் வாங்குகிறேன். (நண்பன் ஒருவன் அதை ஏற்கெனவே ஒப்படையில் எழுதிக் கொடுத்துவிட்டான். அவனுக்காகத் துஆ செய்யுங்கள்.)

சம்மாந்துறை வயல்காரன் | மாலை 6.10

இவ்வளவு நேரமும் எல்லோரும் இங்கிலாந்துக்குள்ளேயே நின்று பேசுகிறீர்கள். பிப்பின் காசு எங்கிருந்து வந்தது? அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கே ஆடு வளர்த்த குற்றவாளி மக்விச்சிடமிருந்து. மக்விச் அங்கே வெயிலில் உழைக்கிறான், இங்கே ஒருவன் கனவானாகிறான். அவன் ஊருக்குத் திரும்பி வந்தால் தூக்கு. விமர்சகர் எட்வர்ட் சயீட் 1993இல் வந்த தம்முடைய 'கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்' நூலின் முன்னுரையிலேயே இந்த நாவலை எடுத்துப் பேசுகிறார்: குற்றவாளி தூரதேசத்தில் பணக்காரனாகலாம், தாய்நாட்டுக்குத் திரும்பக் கூடாது. வயலில் ஒருவன் நிற்க, விளைச்சல் இன்னொருவன் கணக்கில் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது விளங்காதா?

ஆகவே நாவலைப் பற்றிய தளங்களோடு நிற்க வேண்டாம் என்பேன். 'ஓல்ட் பெய்லி ஒன்லைன்' என்று தேடுங்கள். லண்டன் குற்றவியல் நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையான வழக்குப் பதிவுகள் அப்படியே இருக்கின்றன, இலவசம். குற்ற வகைகளில் 'நாடுகடத்தலில் இருந்து திரும்பி வந்தது' என்றே ஒன்று உண்டு. அதைத் தெரிந்து திறந்தால், மக்விச் மாதிரித் திரும்பி வந்து பிடிபட்டவர்கள் நீதவான் முன் என்ன சொன்னார்கள் என்று வரிவரியாகப் படிக்கலாம். பத்துச் சுருக்கத் தளம் தராததை அதில் ஒரு வழக்கு தரும். நான் ஒன்று படிக்கப் போய் விடியும்வரை படித்தேன், அடுத்த நாள் தண்ணீர் திருப்பப் போகவில்லை.

களுதாவளை வாத்தியார் | மாலை 7.02

வயல்காரன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் இதைத் தூக்கிக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். 'காலனியச் சொல்லாடல்' என்று ஒரு பந்தி எழுதுவார்கள், மக்விச் சாப்பிடும் விதத்தைப் பற்றி ஒரு சொல் இருக்காது. சதுப்பு நிலத்தில் ஒளிந்திருந்து நாய் மாதிரி விழுங்கிச் சாப்பிடுகிறானே அவன். கேட்டால் தெரியாது என்பார்கள்.

சம்மாந்துறை வயல்காரன் | மாலை 7.20

ஐயா, அது சயீடின் பிழையா? அவரைப் படிக்காமல் அவரைப் பற்றிய புளொக்கைப் படிப்பவர்களின் பிழை. அந்த முன்னுரை சில பக்கம்தான், அதையே படிக்கலாம்.

களுதாவளை வாத்தியார் | மாலை 7.24

அதுவும் சரிதான். வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறேன்.

ஆரையம்பதி அம்மா | இரவு 8.15

தமிழில் ஒன்றுமே இல்லையா? மகளுக்கு ஆங்கில விமர்சனம் வாசிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

அக்கரைப்பற்று காக்கா | இரவு 9.00

இந்த நாவலைப் பற்றித் தமிழில் ஆழமாக எழுதியது இணையத்தில் குறைவு, ஒளிக்காமல் சொல்கிறேன். பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கத்தை இயந்திரம் மொழிபெயர்த்தவை. பெயர்களே பக்கத்துக்குப் பக்கம் மாறும். அதைக் கண்டால் ஓடிவிடுங்கள்.

ஆனால் நாவலை எப்படி வாசிப்பது என்று தமிழில் படிக்கலாம். அதற்கு எங்களிடம் 'நூலகம்' என்ற இணையத்தளம் இருக்கிறது. 2005இல் தொடங்கியது, இன்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள். ஈழத்துச் சஞ்சிகைகள், மலர்கள், பழைய விமர்சன நூல்கள் எல்லாம் படமாக இருக்கின்றன. 'மல்லிகை' சஞ்சிகையின் இதழ்களைத் திறந்தால் நாவல் பற்றிய சண்டைகளையே படிக்கலாம். இந்த இழையெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் வந்தது. நாவல் என்ற வடிவம் எந்தச் சமூகத்தில், ஏன் பிறக்கிறது என்று அதில் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு டிக்கன்ஸிடம் திரும்பிப் பாருங்கள்.

தமிழ் நாவலைப் படிப்பவர்களுக்கும் இதே பதிப்பு வில்லங்கம் உண்டு. தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி, தொண்டர்கள் தட்டச்சுச் செய்து மெய்ப்புப் பார்த்துப் போடுகிறார்கள். கோப்பின் தொடக்கத்தில் யார் உள்ளிட்டது, யார் மெய்ப்புப் பார்த்தது என்று இருக்கும். அதைப் பிரதி எடுத்துப் போடும் தளங்களில் அந்த வரிகளைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

கல்லடி வாசகி | இரவு 9.35

நன்றி காக்கா. ஒரு உதவி. பிரிட்டிஷ் நூலகத்தின் 'டிஸ்கவரிங் லிட்டரேச்சர்' பகுதி நல்லதென்று ஒரு விரிவுரையாளர் சொல்லியிருந்தார். பழைய இணைப்பு வேலை செய்யவில்லை.

அக்கரைப்பற்று காக்கா | இரவு 9.48

2023 ஒக்டோபரில் அந்த நூலகத்தின் மேல் பெரிய இணையத் தாக்குதல் நடந்தது, தளம் முழுவதும் படுத்துவிட்டது. பழைய இணைப்புகள் பல அதிலிருந்து செத்தவை. முகவரியை அப்படியே பிரதி எடுத்து இணைய ஆவணகத்தின் 'வேபேக் மெஷின்' பெட்டியில் ஒட்டுங்கள். 2023க்கு முந்திய ஒரு திகதியைத் தெரிந்தால் பெரும்பாலும் கட்டுரை வந்துவிடும். ஒப்படையில் எந்தத் திகதிப் பிரதியைப் பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். 'விக்டோரியன் வெப்' தளத்தையும் பாருங்கள். தோற்றம் பழையது, உள்ளே சரக்கு இருக்கிறது. கட்டுரைக்குக் கட்டுரை தரம் மாறும், யார் எழுதியது என்று அடியில் பாருங்கள்.

கல்லடி வாசகி | புதன், இரவு 10.20

இரண்டு நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். மழை, மின்சாரம் இல்லை. ஆனால் அந்த 1 எம்பி கோப்பை இறக்கி வைத்திருந்தேன், அது போதுமாக இருந்தது.

காக்கா 'பார்ட்டிங்' என்று தேடச் சொன்னார் அல்லவா? கடைசிப் பக்கத்துக்குப் போகத்தான் தேடினேன். வழியில் வேறோர் இடத்தில் நின்றுவிட்டேன். வாத்தியார் ஐயா சொன்ன அதே 27ஆம் அத்தியாயம். தொப்பியெல்லாம் விழுந்து முடிந்து ஜோ புறப்படும்போது சொல்கிறான்: வாழ்க்கை என்பது எத்தனையோ பிரிவுகளைப் பற்றவைத்துச் செய்தது. அவன் கொல்லன் அல்லவா, இரும்பைப் பற்றவைக்கும் சொல்லையே போடுகிறான். பிரிவு என்பது அறுப்பது. அவன் வாயில் அது ஒட்டுவதாகிவிட்டது. கல்லடிப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றபடி அதை வாசித்தேன், ஒரு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

இதற்குப் பிறகு கடைசி வரிக்கு வந்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது. பிரிவின் நிழலைக் காணவில்லை என்று பிப் சொல்கிறான். வாழ்க்கையே பிரிவுகளால் ஆனது என்று ஜோ முன்பே சொல்லிவிட்டான். யார் சொல்வதை நம்புவது? காணவில்லை என்றுதான் பிப் சொல்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. அன்றும் மூடுபனிதானே, அவன் எதைத்தான் சரியாகக் கண்டான்? 'ஒன்றைத் தவிர' என்று டிக்கன்ஸ் எழுதி வெட்டியதையும் சேர்த்துப் பார்த்தால், மகிழ்ச்சி என்று எழுத என் கை வரவில்லை, சோகம் என்றும் எழுத வரவில்லை. நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். எந்தச் சுருக்கத்தையும் திறக்கவில்லை.

இதை யாராவது விமர்சகர் முன்பே எழுதியிருப்பாரா?

களுதாவளை வாத்தியார் | இரவு 10.41

எழுதாமல் இருந்திருக்க மாட்டார்கள், 160 வருடத்துக்கு மேலாகிறது. ஜேஸ்டோரில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அவர் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கிடைத்தாலும் உங்கள் நான்கு பக்கத்தைக் கிழிக்க வேண்டாம்.

27ஆம் அத்தியாயத்தை முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தேன். தொப்பியைப் பார்த்தேன், காசைப் பார்த்தேன். அந்தப் பற்றவைப்பைக் கடைசி வரியோடு சேர்த்துப் பார்க்கவில்லை, மகள்.

சம்மாந்துறை வயல்காரன் | இரவு 10.50

ஐயாவிடம் இப்படியொரு வார்த்தை வாங்குவது இலேசு இல்லை. தங்கச்சி, ஒரு கேள்வி. மாமாவின் கறையான் புத்தகம் எந்தப் பதிப்பு?

கல்லடி வாசகி | இரவு 11.02

முன்பக்கத்தில் வருடம் இல்லை. இரண்டு வரியிலும் 'ஷடோ ஒவ்' பொது, அதனால் மிஞ்சிய சொற்களை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் தப்பிய அந்த எழுத்துத் துண்டுதான் ஒரே தடயம். 'த' என்ற ஆங்கிலச் சொல் 'ஈ'யில் முடியும், 'நோ' என்றால் 'ஓ'. மாமா இன்று மாலை முழுவதும் பூதக்கண்ணாடியும் டோர்ச்சுமாக உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு குறுக்குக்கோடு இருக்கிறது என்கிறார். மாமி அது கறையானின் பல் என்கிறார்.

அக்கரைப்பற்று காக்கா | இரவு 11.06

படம் எடுத்துப் போடுங்கள் தங்கச்சி. பெரிய கோப்பாக இருந்தாலும் பரவாயில்லை.